ஒரே பீர், வேறு வேறு நாக்கு

குளிரில் நிதானமாக நொதிக்கவைக்கும் பீருக்கு லாகர் என்று பெயர். சிவப்பு லாகர் நிறைந்த கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கிளாஸ் அகலமாக இருக்கும் இடத்தில் செம்பு நிறம். அடியில் குறுகும் இடத்தில் தேன் நிறம். ஓரத்தில் ஏறக்குறைய மஞ்சள். இருப்பது ஒரே திரவம்தான். பீரில் கரைந்திருக்கும் பழுப்புப் பொருள்கள் நீல ஒளியை நிறைய விழுங்குகின்றன, பச்சையைக் கொஞ்சம் விழுங்குகின்றன, சிவப்பை அநேகமாக விட்டுவிடுகின்றன. ஒளி கடக்க வேண்டிய தூரம் கூடக் கூட, நீலமும் பச்சையும் வழியிலேயே தீர்ந்துபோய்ச் சிவப்பு மட்டும் மறுபக்கம் வந்து சேர்கிறது. பீர் ஆலைகளின் ஆய்வகங்களிலும் 430 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஊதா கலந்த நீல ஒளியை பீர் எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்துத்தான் அதன் நிறத்துக்கு எண் கொடுக்கிறார்கள்.

நல்ல சிவப்பு லாகரில் சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. அந்தச் சிவப்பு முழுக்க நெருப்பின் வேலை. சுவையில் பெரும்பகுதியும் அதே நெருப்பிலிருந்துதான் வருகிறது.

பார்லியை ஊறவைத்து முளைவிடச் செய்கிறார்கள். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்துக் கஞ்சி மாவு அரைப்பது போன்ற வேலைதான். முளைக்கும் தானியம், உள்ளே சேமித்த மாவுச்சத்தை உடைப்பதற்கான நொதிகளை உண்டாக்கிக்கொள்கிறது. புரதங்களும் அமினோ அமிலங்களாகச் சிதையத் தொடங்குகின்றன. முளை நீண்டு சத்தைத் தின்று தீர்ப்பதற்குள், சூளையில் வெப்பக் காற்றை ஓட்டி வளர்ச்சியை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி உலர்ந்த பார்லிதான் மால்ட்.

அந்தச் சூளையின் கடைசிச் சில மணி நேரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வெளிர் மஞ்சள் பீருக்கான பில்ஸ்னர் மால்ட்டை ஏறக்குறைய 80 முதல் 85 டிகிரி செல்சியஸில் முடிக்கிறார்கள். வியன்னா மால்ட் 90 டிகிரியைத் தாண்டுகிறது. மியூனிக் மால்ட் 100ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போகிறது. பத்து இருபது டிகிரி வித்தியாசத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் அந்த இடைவெளியில்தான் சர்க்கரையும் அமினோ அமிலமும் ஒன்றோடொன்று வேகமாகப் பிணையத் தொடங்குகின்றன. 1912ல் பிரெஞ்சு வேதியியலர் லூயி காமில் மெய்லார்ட் விவரித்த வினை அது. அதில் உருவாகும் பெரிய பழுப்பு மூலக்கூறுகளுக்கு மெலனாய்டின் என்று பெயர். நிறம் அவற்றால் வருகிறது. காற்றில் கலந்து மூக்கை எட்டும் சிறிய மூலக்கூறுகளும் கூடவே பிறக்கின்றன. மால்டால் என்பது காய்ச்சிய சர்க்கரையை நினைவூட்டும். மெத்தில்பியூட்டனல் வகையைச் சேர்ந்தவை பிரெட்டின் மேலோட்டையும் வறுத்த தானியத்தையும் நினைவூட்டும். ஒரே வினை நிறத்தையும் வாசனையையும் சேர்த்தே தருகிறது.

அதனால் நிறத்தை வைத்தே சுவையைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். அது முடியாது. 200 டிகிரிக்கு மேல் வறுத்த கருப்பு மால்ட்டை நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்கு சேர்த்தால் போதும், வெளிர் மஞ்சள் பீர் செம்பு நிறத்துக்கு வந்துவிடும். வாசனையில் பெரிய மாற்றம் இருக்காது. இன்னொரு வழி, ஈரமான மால்ட்டை மூடிய கலனில் வேகவைத்து, தானிய மணிக்குள்ளேயே சர்க்கரை உருவான பிறகு வறுத்தெடுக்கும் கேரமல் மால்ட். அது அடர்ந்த இனிப்பைத் தரும். ஆக, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் மூன்று சிவப்பு லாகர்கள் வாயில் மூன்று விதமாக இருக்கலாம். எனக்குப் பிடித்தது வியன்னா மால்ட்டையே அடித்தளமாக வைத்துக் காய்ச்சியது. முதல் மிடறில் பிரெட் மேலோட்டின் வாசனை வந்து, இனிப்பு நாக்கில் தங்காமல் கசப்பில் முடிந்துவிட வேண்டும். கேரமல் தூக்கலான சிவப்பு லாகர் அரை கிளாஸுக்குள் எனக்குத் திகட்டிவிடும்.

இந்த வகையின் ஊர் வியன்னாவை ஒட்டிய ஷ்வெகாட். இன்று அந்நகரின் விமான நிலையம் இருக்கும் இடம். அங்கே பீர் ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஆன்டன் டிரெஹரும், மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையைச் சேர்ந்த கேப்ரியல் செட்ல்மயரும் 1833ல் பிரிட்டனுக்குப் போனார்கள். அங்கே பார்லியை விறகுப் புகையில் காட்டாமல், சுத்தமான வெப்பக் காற்றில் கட்டுப்பாட்டோடு உலர்த்தும் முறை வளர்ந்திருந்தது. இருவரும் ஆலை ஆலையாகச் சுற்றிப் பார்த்தார்கள். உள்ளே குழல் வைத்த கைத்தடியால் நொதிக்கும் சாற்றை யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து, தங்கிய அறையில் அதன் சர்க்கரை அடர்த்தியை அளந்தார்கள். தொழில் உளவு என்றே இதைச் சொல்ல வேண்டும். அந்த அறிவைத் தங்கள் ஊரின் குளிர் நிலவறையோடு சேர்த்ததால்தான் 1841ல் டிரெஹரின் செம்பு நிற லாகர் பிறந்தது. மறு ஆண்டே, இன்று செக் குடியரசில் இருக்கும் பில்சன் நகரில் யோசப் க்ரோல் பொன்னிற லாகரைக் காய்ச்சினார். கொஞ்சம் கொஞ்சமாக உலகம் பொன்னிறத்தின் பக்கம் சாய்ந்தது. செம்பு நிறம் பிறந்த ஊரிலேயே மறைந்துபோய், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய பீர் வல்லுநர்கள் வழியாக மெக்சிகோவில் பிழைத்துக்கொண்டது. டோஸ் எக்கிஸ் ஆம்பர் என்ற மெக்சிகோ பீர் அந்தப் பரம்பரையின் வாரிசு. 1980களில் அமெரிக்காவின் சிறு ஆலைகள் அதை மீண்டும் கையில் எடுத்தன.

நிலவறையின் குளிர் ஏன் அவசியம்? லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர் ரொட்டிக்கும் ஒயினுக்கும் பயன்படும் பழகிய ஈஸ்ட். குளிரைத் தாங்கும் மற்றொரு பெற்றோர் எது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 2011ல் அர்ஜென்டினாவின் படகோனியாவில், தென்கோளப் பீச் மரங்களில் வளரும் கட்டிகளில் அது கிடைத்தது. பிறகு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் அதன் உறவுகள் தென்பட்டன. இந்தக் கலப்பின ஈஸ்ட் 8 முதல் 12 டிகிரியில் நிதானமாக நொதிக்கிறது. அதன்பின் உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில் பீரை ஓய்வெடுக்க விடுகிறார்கள். வெப்பத்தில் வேலை செய்யும் ஈஸ்ட்டுகள் வாழைப்பழ வாசனை, ஆப்பிள் வாசனை என்று தாமாக நிறையச் சேர்க்கும். லாகர் ஈஸ்ட் அடக்கமானது. மால்ட் பேசுவதைக் கேட்க விட்டுவிடும்.

இதுவரை சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதி குடிப்பவரின் உடம்பில் நடக்கிறது. அங்கேதான் ஆளுக்கு ஆள் வேறுபாடு தொடங்குகிறது.

மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். லேசான இனிப்பு, கசப்பு, புளிப்பு, ஒரு சுள்ளென்ற குத்தல். அவ்வளவுதான். இப்போது விரலை எடுங்கள். தொண்டையின் பின்வழியாகக் காற்று மூக்குக்குள் ஏறும். பிரெட், வறுத்த தானியம், கேரமல் எல்லாம் ஒரே நொடியில் வந்து சேரும். நாம் நாக்கின் கணக்கில் எழுதும் சுவையில் பெரும்பங்கு மூக்கினுடையது. மனிதருக்குச் சுமார் 400 வகையான வாசனை ஏற்பிகள், அதாவது மூலக்கூறுகளைப் பிடித்து உணரும் புரதங்கள், உண்டு. ஏதோ இரண்டு பேரை எடுத்து ஒப்பிட்டால், அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெவ்வேறு விதமாக வேலை செய்கின்றன என்று 2014ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சில பூக்களிலும் பழங்களிலும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப் பூவிலும் இருக்கும் பீட்டா அயனோன் என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரபணுவின் ஒரு வடிவம் உள்ளவர்களுக்கு அது பூ மணம். இன்னொரு வடிவம் உள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் புளித்த நெடியாகத் தெரியும். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய இரண்டு கிளாஸ்களை வைத்துக்கொண்டு இரண்டு பேர் வாதாடும்போது, இருவருமே உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

கசப்பும் இப்படித்தான். ஹாப் பூவில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறிக் கசப்பாகின்றன. வியன்னா வகை லாகரில் அவை லிட்டருக்கு ஏறக்குறைய 18 முதல் 30 மில்லிகிராம். மனித நாக்கில் கசப்புக்கென்று சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. 1931ல் டூபான்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் ஒரு வேதிப்பொடியைக் கொட்டிக்கொண்டிருந்தபோது தூசி பறந்தது. உடனிருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதற்குக் காரணமான டாஸ்2ஆர்38 என்ற மரபணு 2003ல் அடையாளம் காணப்பட்டது. “உங்கள் கசப்பு மரபணு எது?” என்று இணையத்தில் விற்கும் சோதனைத் தாள்கள் இதைத்தான் பார்க்கின்றன. ஆனால் ஹாப்பின் கசப்பை முக்கியமாகப் பிடிப்பவை வேறு மூன்று ஏற்பிகள். அந்தத் தாளை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஒருவருக்கு பீர் பிடிக்குமா என்று சொல்ல முடியாது.

அந்தக் குத்தல் குமிழிகள் வெடிப்பதால் வருவதாகப் பலரும் நினைக்கிறோம். உயர் அழுத்த அறைக்குள், குமிழியே உருவாக முடியாத நிலையில், கார்பன் டை ஆக்சைடு கலந்த பானத்தைக் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். குத்தல் அப்படியே இருந்தது. நாக்கின் மேற்பரப்பில் உள்ள ஒரு நொதி அந்த வாயுவை அமிலமாக்குகிறது, நரம்பு அந்த அமிலத்தை உணர்கிறது. குமிழி செய்வது வாசனையை மேலே தூக்கிக்கொண்டு வருவது.

குளிர்ச்சியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு. நம்மூர் வெயிலில் பாட்டில் வேர்க்க வேர்க்க, ஐஸ் போல இருந்தால்தான் பீர் என்போம். இனிப்பை மூளைக்குச் சொல்லும் சங்கிலியில் டிஆர்பிஎம்5 என்ற புரதக் கதவு ஒன்று இருக்கிறது. வெப்பம் குறையக் குறைய அது மந்தமாகிறது. வாசனை மூலக்கூறுகளும் குளிரில் எழும்பாது. உறைநிலையை ஒட்டிக் குடித்தால், சூளையில் அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கியதை நாமே பூட்டிவைக்கிறோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் விட்டு, 8, 10 டிகிரிக்கு வந்தபின் குடிப்பதே சிவப்பு லாகருக்கு நியாயம். வெயிலில் மட்டும் வைக்கக்கூடாது. நீல ஒளி பட்டால் ஹாப்பின் கசப்புப் பொருள் உடைந்து, அழுகல் நெடி அடிக்கும் கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்பு பாட்டில் அந்த ஒளியைத் தடுக்கிறது. பச்சை பாட்டில் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை.

சரி, கசப்பு இயல்பாகவே விலக்க வேண்டிய எச்சரிக்கை. பின்னே எப்படிப் பிடித்துப்போகிறது? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல், பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் தரவில் உள்ள லட்சக்கணக்கானோரின் மரபணுக்களைக் கசப்பு, இனிப்பு பானப் பழக்கங்களோடு ஒப்பிட்டார்கள். சுவை மரபணுக்கள் முன்னால் வந்து நிற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், காபியும் மதுவும் மனத்தில் ஏற்படுத்தும் விளைவோடு தொடர்புடைய மரபணுக்கள்தான் நின்றன. நாக்கு விலக்கச் சொன்னதை, பின்னால் கிடைக்கும் இதத்தை நினைவில் வைத்து மூளை ஏற்கப் பழகிக்கொள்கிறது.

இதைக் கண்ணெதிரே காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2013ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 49 ஆண்களின் மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்தபடி, அவர்கள் வழக்கமாக அதிகம் குடிக்கும் பீரையே வாயில் சொட்டுச் சொட்டாகத் தெளித்தார்கள். போதை ஏறவே முடியாத அளவு. ருசி பட்டதுமே, இதத்தை நாடவைக்கும் மூளை வேதிப்பொருளான டோபமைன் சுரந்தது. குடிநோய் உள்ள குடும்பத்திலிருந்து வந்தவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பிடித்த ருசி என்பது சிலருக்குச் சும்மா ரசனையாக இருக்கலாம், சிலருக்கு அதுவே கொக்கியாகவும் இருக்கலாம். வீட்டில் அப்படி ஒரு வரலாறு இருப்பவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மூளை இன்னொன்றும் செய்கிறது. 1964ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வில், லேபிளை எடுத்துவிட்டுக் கொடுத்தபோது பெரும்பாலோரால் தங்கள் வழக்கமான பீரைப் பிரித்தறிய முடியவில்லை. லேபிளோடு கொடுத்ததும் அதே பீருக்கு மதிப்பெண் ஏறியது. 2006ல் வெளிவந்த மற்றொன்றில், பீரில் சில சொட்டு பால்சமிக் வினிகர் கலந்து கொடுத்தார்கள். எதுவும் சொல்லாமல் கொடுத்தபோது பலர் அதையே விரும்பினார்கள். குடித்த பிறகு சொன்னாலும் கருத்து பெரிதாக மாறவில்லை. குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால்தான் முகம் சுளித்தார்கள். முன்கூட்டிக் கேட்ட சேதி, சுவைக்கும் அனுபவத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது.

உங்களுக்குப் பிடித்த சிவப்பு லாகரை உண்மையிலேயே நாக்கு அடையாளம் காண்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், 1940களில் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. மூன்று கிளாஸ்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. ஊற்றுவது இன்னொருவர் வேலை. எது பிடித்திருக்கிறது என்ற கேள்வியே கிடையாது, எது வேறு என்று மட்டும் சொல்ல வேண்டும். குருட்டுத்தனமாகச் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், ஒரு முறை ஜெயித்ததை வைத்து மார்தட்ட முடியாது. வெவ்வேறு நாட்களில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்றும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம். நிறம் காட்டிக்கொடுத்துவிடாமலிருக்க, ஒளி ஊடுருவாத டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள்.