வால்பாறை போகிறவர்களே, சோலைமந்திக்குத் தீனி போடாதீர்கள்

முழுப்பரீட்சை லீவு விட்டால் போதும், கும்பகோணம், மன்னார்குடி பக்கமிருந்து வேன் பிடித்து வால்பாறைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மாட்டுக்கு ஊசி போடப் போகிற வீடுகளில் போனை நீட்டிப் படம் காட்டுவார்கள்: "டாக்டர், சிங்கவால் குரங்கு ரோட்டுக்கே வருது. பாப்பா கையாலயே பழம் வாங்கிக்கிச்சு." அவ்வளவு ஆசையாகக் காட்டுகிறவர்களிடம் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பழத்தால் அதற்குக் கெடுதல்தான்.

சிங்கவால் குரங்கு என்கிற சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சேர்த்து 4,000-க்குள்தான் இருக்கும் என்று கணிக்கிறார்கள். இதைக் காப்பாற்றவென்றே 1976-இல் களக்காடு சரணாலயம் வந்தது.

அதன் வாழ்க்கை பெரும்பாலும் மரத்தின் மேலேதான். வெடிப்பலாவின் முள்தோலைப் பிளந்து கொட்டையைத் தின்னும். அத்திப்பழம், பூச்சி, சிலந்தி எல்லாம் தேடும். அரிக்கும் மயிர்ப்புழு கிடைத்தால் அப்படியே வாயில் போடாது. ஒரு இலையைப் பறித்து, அதில் வைத்துத் தேய்த்து மயிரை உதிர்த்த பிறகுதான் தின்னும். இந்தப் பக்குவத்தைக் குட்டி தாயைப் பார்த்துக் கற்க வேண்டும். ரோட்டோரம் பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும் தாயிடம் அது எதைக் கற்கும்?

நம் ஊர் நாட்டுக்குரங்கு வருடத்துக்கு ஒன்று என்றுகூடக் குட்டி போடும். சோலைமந்தி அப்படியில்லை. ஐந்தாறு வயதுக்கு மேல்தான் முதல் குட்டி. வயிற்றில் சுமப்பது ஏறக்குறைய ஆறு மாதம், ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்த ஈற்றுக்கு இரண்டரை, மூன்று வருடம் ஆகும். அதனால் ஒரு பெண்மந்தி வண்டியில் அடிபட்டுச் செத்தால், அந்த இழப்பைக் கூட்டம் ஈடுகட்டப் பல வருடம் பிடிக்கும்.

அது ஏன் ரோட்டுக்கு வருகிறது? வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைக்கும் காப்பிக்கும் காட்டை வெட்டியதில் வால்பாறைச் சோலைகள் துண்டுதுண்டாகிவிட்டன. கிளையோடு கிளை தொடாத இடத்தில் இறங்கித்தான் கடக்க வேண்டும். புதுத்தோட்டம் பகுதியில் சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாய்த் துணியால் பாலம் கட்டியிருக்கிறார்கள். மந்திகள் அதில் நடக்கவும் செய்கின்றன. கீழே நாம் தின்பண்டம் வீசினால் பாலம் கட்டிய உழைப்பு வீண்தானே.

கோயில் வாசலில் பழகிய நாட்டுக்குரங்குகள் சில என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்றின் கன்னப்பை ஒருபக்கம் புடைத்திருந்தது. திறந்து பார்த்தால் கூழான பிஸ்கட், அதோடு நசுங்கிய பிளாஸ்டிக் உறை. கடைவாய்ப் பற்கள் கறுத்துச் சொத்தையாகி, ஈறு சீழ் வைத்திருந்தது. ஆஞ்சநேயரை நினைத்து, புண்ணியம் என்றுதான் போட்டிருப்பார்கள். அந்த மனசில் குறையில்லை, தீனிதான் தப்பு. சோலைமந்திக்கும் கன்னப்பை உண்டு. காசநோய், தட்டம்மை போன்றவை மனிதரிடமிருந்து குரங்கினத்துக்குத் தொற்றும். நாம் கடித்த மீதியை நீட்டினால் நோயையும் சேர்த்து நீட்டுகிறோம். எண்ணிக்கை இவ்வளவு குறைந்த இனத்தில் அப்படி ஒரு நோய் புகுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

டெல்டாக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கூடுதுறையில் காவிரியோடு சேரும் பவானி, சோலைமந்தி வாழும் சைலண்ட் வேலிக் காடுகளை ஒட்டித்தான் வருகிறது. தின்ற பழத்தின் விதையை அங்கங்கே போட்டு அந்த மாதிரிக் காட்டை வளர்ப்பதில் இந்த மந்திக்கும் பங்குண்டு.

போகிறவர்கள் போய்ப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். துணிப்பாலம் தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போங்கள். படம் வேண்டுமானால் உள்ளிருந்தே எடுக்கலாம். சாப்பிட்ட இலை, தோல், பொட்டலம் எல்லாம் ஒரு பையில் கட்டிப் பொள்ளாச்சி வந்து போடுங்கள். அடிபட்ட மந்தியைக் கண்டால் தொடாதீர்கள், தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு பக்கத்து வனத்துறைச் சோதனைச் சாவடியில் உடனே சொல்லுங்கள்.