‘ஃபார்ம்’ என்றால் வடிவம் அன்று: பந்தயக் குதிரையின் பதமும் தூரமும்

விளையாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவர்களைத் தடுக்கி விழவைக்கும் சொற்களில் ‘ஃபார்ம்’ முதல் வரிசையில் நிற்கிறது. “அந்தச் சாம்பியன் குதிரை சிறந்த வடிவத்தில் இருக்கிறது” என்ற வரியைப் படித்தால், யாரோ சிற்பியைப் பாராட்டுவது போலிருக்கும். கிரிக்கெட் செய்தியில் ‘ஃபார்முக்குத் திரும்பினார்’ என்று அப்படியே எழுதித் தப்பித்துவிடுகிறோம். அங்கே அது போதும். குதிரைப் பந்தயத்தில் போதாது. அங்கே அந்த ஒரே சொல் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. இரண்டையும் கலந்துவிட்டால் செய்தி தலைகீழாகிவிடும்.

சொல்லின் பூர்வீகம் சிக்கலானதல்ல. இலத்தீனில் ‘ஃபோர்மா’ என்றால் உருவம், அச்சு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிறகு அது பல கிளைகள் விட்டது. அலுவலகங்களில் நிரப்பித் தரும் படிவம் ஒரு கிளை. அதுதான் தமிழில் ‘பாரம்’ ஆகி, ‘பாரத்தைப் பூர்த்தி செய்’ என்று வழங்கியது. (பந்தயக் குதிரை முதுகில் சுமக்கும் எடையும் பாரம்தான். ஆகவே ‘குதிரையின் பாரம்’ என்று எழுதினால் எதைச் சொல்கிறோம் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.) ‘ஒருவரின் இப்போதைய திறன் நிலை’ என்ற கிளை முளைத்தது பந்தயக் களத்தில். முதலில் குதிரைக்குச் சொன்னதைத்தான் பிறகு மட்டை பிடிக்கிறவருக்கும் பந்து வீசுகிறவருக்கும் சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த இரண்டு பொருள்கள் இவை. குதிரை இதுவரை ஓடிய ஓட்டங்களின் பதிவு ஒன்று. இன்றைக்கு அதன் உடலும் வேகமும் இருக்கும் நிலை மற்றொன்று. “ஃபார்மைப் படித்துப் பார்த்தேன்” என்கிறவர் முதலாவதைச் சொல்கிறார். “ஃபார்மில் இருக்கிறது” என்கிறவர் இரண்டாவதை. ஏட்டில் வெற்றிகள் வரிசை கட்டி நிற்கும். குதிரையோ லாயத்தில் தீவனத்தைத் தொடாமல் நிற்கும். அப்படிப்பட்ட குதிரைக்கு ஒரு ஃபார்ம் உண்டு, இன்னொரு ஃபார்ம் இல்லை.

முதலாவதற்கு ‘ஓட்டப் பதிவு’ என்பது நேரான சொல். இரண்டாவதற்குப் புதுச் சொல் உருவாக்கத் தேவையே இல்லை, ‘பதம்’ இருக்கிறது. பாகுக்கும் மண்ணுக்கும் பதம் பார்க்கிற மொழி, குதிரைக்கும் பார்க்கலாம். பதம் என்பது நிலையான குணம் அன்று. வரும், தவறும், கெடும், திரும்ப வரும். ‘ஆட்டத்திறன்’ என்று சில பத்திரிகைகள் எழுதுவது பிழையில்லை என்றாலும், திறன் போய்விட்டது என்ற தொனி அதில் ஒட்டிக்கொள்கிறது. பதம் தவறிய குதிரைக்குத் திறன் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவைக்க வேண்டும்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு குதிரைக்குச் செல்லாது. ஒரே ஓட்டத்தை வைத்துப் பதம் சொன்னவர்கள் ஏமாந்த கதைகளே பந்தய வரலாற்றில் அதிகம்.

ஓட்டப் பதிவை எப்படிப் படிப்பது? பிரிட்டனில் வழங்கும் முறையில் குதிரையின் பெயருக்கு முன்னால் 40-3121 என்பது போல் ஓர் இலக்க வரிசை அச்சாகியிருக்கும். இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். கடைசி இலக்கம்தான் ஆக அண்மைய ஓட்டம். நடுவிலுள்ள சிறு கோடு ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கியதைக் காட்டுகிறது. பூச்சியம் என்றால் முதல் 9 இடங்களுக்குள் வரவில்லை. ஆக, இந்தக் குதிரை சென்ற பருவத்தில் 4ஆவதாக வந்தது, அடுத்த ஓட்டத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல் போனது. இந்தப் பருவத்தில் 3, 1, 2, 1. பார்த்தவுடன் ‘ஏறுமுகம்’ என்று சொல்லத் தோன்றும். பக்கத்தில் ‘டி’ (D) என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது. இன்றைய பந்தயத்தின் தூரத்தில் அது முன்பே வென்றிருக்கிறது என்பதற்கு அந்த எழுத்துதான் அடையாளம். அது இல்லாவிட்டால், மேலே கண்ட ஏறுமுகம் வேறொரு தூரத்தின் ஏறுமுகமாக இருக்கலாம்.

வந்த இடத்தைவிட யாரோடு ஓடி வந்த இடம் என்பது முக்கியம். 2012இல் இங்கிலாந்தின் ஆஸ்காட் களத்தில் குயீன் ஆன் பந்தயத்தை ஃபிராங்கல் என்ற குதிரை 11 நீள இடைவெளியில் வென்றது. ஒரு நீளம் என்பது மூக்கிலிருந்து வாலடி வரை, சுமார் 2.4 மீட்டர். அன்று இரண்டாவதாக வந்த எக்சலப்ரேஷன் சாதாரணக் குதிரை அன்று. அதே ஆண்டில் பிரான்சில் ஜாக் லெ மாருவா பந்தயத்தையும், ஆஸ்காட்டில் குயீன் எலிசபெத் பந்தயத்தையும் வென்றது. தோற்ற குதிரை பிறகு வென்று காட்டினால், அதை வென்ற குதிரையின் பதிவுக்கு மதிப்பு ஏறும். ஃபிராங்கலுக்கு உலகத் தரவரிசையில் 140 புள்ளிகள் கிடைத்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட சாட்சிகள் நின்றன.

இடைவெளியைக் குதிரை சுமக்கும் எடையாக மாற்றும் கணக்கும் உண்டு. 5 பர்லாங் ஓட்டத்தில் ஒரு நீளம் ஏறக்குறைய 3 பவுண்டு எடைக்குச் சமம். ஒரு மைலில் ஏறக்குறைய 2 பவுண்டு. தூரம் கூடக் கூட ஒரு நீளத்தின் மதிப்பு இன்னும் குறையும். ஒரே 3 நீள வெற்றிக்குத் தூரத்தைப் பொறுத்து வெவ்வேறு மதிப்பு. தூரத்தை எழுதாமல் ஓட்டப் பதிவைப் பற்றிப் பேசுவதே வீண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனித் தூரம். ‘பர்லாங்’ தமிழில் நன்றாக வேரூன்றிய சொல். ‘அரை பர்லாங் நடந்தால் போதும்’ என்று பேசிய தலைமுறை இன்னும் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் உழவு சாலைக் குறிக்கும் சொல்லும் நீளத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து பிறந்தது அது. நேர்த் தமிழில் சொன்னால் ‘படைச்சால் நீளம்’. பொது வயலில் ஏர் ஒரு மூச்சாகப் போய்த் திரும்பும் சாலின் நீளம், 220 கஜமாக நிலைத்தது. இன்றைய அளவில் 201 மீட்டர் சொச்சம். 8 பர்லாங் ஒரு மைல். பர்லாங்கைப் படைச்சால் என்று மாற்றுவது வீண் வேலை. வழங்குகிற சொல் வழங்கட்டும்.

குதிரைகளை அவை ஓடும் தூரத்தால் பிரிப்பது பந்தய உலகின் அடிப்படை வழக்கம். 5, 6 பர்லாங்கில் பறப்பது ஸ்பிரிண்டர், 8 பர்லாங்கில் சிறப்பது மைலர், 14 பர்லாங்குக்கு மேலும் சளைக்காதது ஸ்டேயர். பன்னாட்டுத் தரவரிசை இதையே ஐந்து பிரிவுகளாக வகுக்கிறது: 1000 முதல் 1300 மீட்டர் வரை முதல் பிரிவு, 2700 மீட்டருக்கு மேல் கடைசிப் பிரிவு. தமிழில் ‘விரைவோடி’, ‘நெடிதோடி’ என்றெல்லாம் முயலலாம்தான். என் காதுக்குக் குறுந்தூரக் குதிரை, மைல் குதிரை, நெடுந்தூரக் குதிரை என்பவை இயல்பாக ஒலிக்கின்றன. ‘ஸ்டே’ என்ற வினைக்கு மட்டும் அருமையான சொல் கையிலேயே இருக்கிறது: தாங்குதல். “இந்தக் குதிரை தூரம் தாங்குமா?” என்று கேட்டால், ஆங்கிலத்தில் அவர்கள் கேட்பது அத்தனையும் அதில் அடங்கிவிடும்.

தூரம் தாங்குமா என்ற கேள்விக்கு ஓடிப் பார்க்கும் முன் விடை சொல்ல முயல்வதில்தான் எத்தனை வாதங்கள். முதலில் வம்சத்தைப் பார்ப்பார்கள். 1973இல் அமெரிக்காவின் செக்ரட்டேரியட் என்ற குதிரை மீது எழுந்த சந்தேகம் அப்படி வந்ததுதான். தகப்பன் போல்ட் ரூலர் வேகத்துக்குப் பேர்போனது. ஆனால் 1957இல் 12 பர்லாங் பெல்மான்ட் பந்தயத்தில் 3ஆவதாகத்தான் வந்தது. அதன் வாரிசுகளுக்கும் தூரம் தாங்காது என்ற பேச்சு வேரூன்றியிருந்தது. போதாக்குறைக்கு, கென்டக்கி டெர்பிக்கு இரண்டு வாரம் முன்பு நடந்த 9 பர்லாங் உட் மெமோரியல் பந்தயத்தில் செக்ரட்டேரியட் 3ஆவதாக வந்தது. வாயில் ஒரு சீழ்க்கட்டி இருந்தது என்பது ஓட்டப் பதிவில் அச்சாகாது. அங்கே இருந்தது வெறும் 3 என்ற இலக்கம். பதம் கெட்டிருந்த ஓர் ஓட்டத்தைத் தூரத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

10 பர்லாங் டெர்பியில் நடந்தது வேறு. ஒவ்வொரு கால் மைலையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அது ஓடிய நேரம் விநாடியில் இப்படி இறங்குகிறது: 25.2, 24, 23.8, 23.4, 23. களைக்க வேண்டிய குதிரை ஒவ்வொரு கால் மைலிலும் முந்தையதைவிட வேகமாக ஓடியிருக்கிறது. தூரம் தாங்குவதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எந்த வம்சப் பட்டியலிலும் கிடைக்காது. ஐந்து வாரம் கழித்து 12 பர்லாங் பெல்மான்ட்டை 2 நிமிடம் 24 விநாடியில், 31 நீள இடைவெளியில் வென்றபோது சந்தேகம் கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். தகப்பனை மட்டும் பார்த்தவர்கள், தாய் சம்திங்ராயலின் தகப்பன் பிரின்ஸ்குவில்லோ நெடுந்தூரத்துக்குப் பேர்போன குதிரை என்பதைக் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டார்கள்.

வம்சக் கணக்குக்கு 2010இல் மரபணு ஆதரவும் வந்தது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணுவில் உள்ள ஒரு வேறுபாடு, குதிரைக்கு உகந்த தூரத்தோடு ஒத்துப்போகிறது என்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எம்மலின் ஹில் குழுவினர் காட்டினார்கள். சி (C) வகை இரட்டையாக அமைந்தால் குறுந்தூரம், டி (T) வகை இரட்டையாக அமைந்தால் நெடுந்தூரம், ஒவ்வொன்றாக அமைந்தால் நடுத்தூரம். குதிரைக்கு எந்தத் தூரம் பொருந்தும் என்பதை இது சொல்லும். அந்தத் தூரத்தில் வெல்லுமா என்பதைச் சொல்லாது.

ஃபிராங்கலின் தகப்பன் கலிலியோ 2001இல் 12 பர்லாங் எப்சம் டெர்பியை வென்றது. தாய் கைண்ட் குறுந்தூரத்தில் வென்ற பெட்டைக் குதிரை. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது? பயிற்சியாளர் ஹென்றி செசில் அதை எப்சம் டெர்பிக்கு அனுப்பவில்லை. முதல் 12 ஓட்டங்களும் 7 அல்லது 8 பர்லாங்கில்தான். அதிலும் எல்லா வெற்றியும் ஒரே மாதிரி இல்லை. 2011இல் இங்கிலாந்தின் ஒரு மைல் பந்தயமான கினீஸில் பாதித் தூரத்துக்குள்ளேயே வெகுதூரம் முன்னே போய் 6 நீளத்தில் வென்ற குதிரை, அடுத்த ஓட்டத்திலேயே, ஆஸ்காட்டில் அதே ஒரு மைல் தூரத்தில் முக்கால் நீளத்தில்தான் தப்பியது. முன்கூட்டியே வேகம் எடுத்ததன் விலை அது. 2012இல் யார்க் களத்தில் முதன்முறையாக 10 பர்லாங்கைத் தாண்டியபோது 7 நீளத்தில் வென்றது. கடைசி ஓட்டம் ஆஸ்காட்டில், ஈரத்தில் இளகிய தரையில், 10 பர்லாங். தரை இளகினால் ஒவ்வொரு எட்டுக்கும் கூடுதல் வலு வேண்டும். ஏட்டிலுள்ள தூரம் காலுக்கு இன்னும் நீளமாகும். அதையும் தாங்கி 14க்கு 14 என்று ஓய்வு பெற்றது.

எல்லாச் சாம்பியனும் தூரத்தை நீட்டிக் காட்ட வேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவின் பிளாக் கேவியர் ஓடிய 25 ஓட்டங்களிலும் வென்றது. எதுவும் 1400 மீட்டரைத் தாண்டவில்லை. அதை யாரும் குறை சொல்லவில்லை. சாம்பியனை அதற்கு உகந்த தூரத்தில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

இந்த ‘உகந்த தூரம்’ என்ற தொடரை ஆங்கிலப் பந்தயக்காரர்கள் ‘ட்ரிப்’ என்ற சொல்லை வைத்துக் குறிப்பார்கள். தமிழில் ட்ரிப் என்றால் லாரி அடிக்கிற நடை என்றாகிவிட்டதால் அதை இறக்குமதி செய்வதில் பயனில்லை. ‘சிறந்த தூரம்’ என்பதும் சரிப்படாது. தூரத்தில் சிறந்தது, மட்டமானது என்று எதுவும் கிடையாது, அந்தக் குதிரைக்கு உகந்தது, உகக்காதது என்றுதான் உண்டு.

1971 கினீஸ் முடிவை வைத்து இந்தச் சொற்களைச் சோதித்துப் பார்க்கலாம். அந்த ஒரு மைலில் பிரிகேடியர் ஜெரார்ட் 3 நீளத்தில் மில் ரீஃபைத் தோற்கடித்தது. மில் ரீஃப் அதே ஆண்டில் எப்சம் டெர்பியையும் பாரிசின் ஆர்க் பந்தயத்தையும் வென்றது; இரண்டும் 12 பர்லாங் தூரத்தவை. கினீஸில் அது ‘மோசமான ஃபார்மில்’ இருந்தது என்று எழுதுவது தவறு. இப்படி எழுதலாம்: மில் ரீஃப் பதம் தவறவில்லை, மைல் தூரத்தில் தன்னைவிட வல்ல குதிரையிடம் தோற்றது, அதற்கு உகந்த தூரம் அங்கிருந்து இன்னும் 4 பர்லாங் தள்ளி இருந்தது.