டிஃப் லாக் விளக்கு மினுக்கினால்: சென்சாரைக் குறை சொல்லும் முன்

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில், பேரையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் நான்கு சக்கர இழுவை பிக்கப் வண்டியைக் கப்பலூரை ஒட்டிய எங்கள் பட்டறைக்கு ஓட்டி வந்தார். இறங்கியதும் அவர் முதலில் என் கையில் கொடுத்தது வண்டிச் சாவியை அல்ல, ஒரு மஞ்சள் பையை. அதற்குள் கழற்றிப்போட்ட டிஃப் லாக் சென்சார்கள் இரண்டு இருந்தன; சேற்றில் இரண்டு சக்கரங்களையும் பிணைக்கும் பூட்டு விழுந்ததா என்று டாஷ்போர்டு விளக்குக்குச் சொல்பவை அவை. "ரெண்டு தடவ மாத்தியாச்சு தம்பி. லைட்டு மினுக்குமினுக்குன்னு அடிச்சுக்கிட்டே கெடக்கு, நின்னு எரிய மாட்டேங்குது" என்றார்.

அந்த இரண்டையும் துடைத்து, மல்டிமீட்டரின் முனைகளை வைத்து, நுனியிலிருக்கும் பிளஞ்சர் என்ற அழுத்து ஊசியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தும்போதெல்லாம் மீட்டர் 'பீப்' என்றது, விட்டதும் நின்றது. பத்து முறை அழுத்தினாலும் பத்து முறையும் அப்படித்தான். பழுதே இல்லாத இரண்டு சென்சார்களுக்காக அவர் பணம் கொடுத்திருக்கிறார். பட்டறைக்கு இதே குறையோடு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்: கெட்டுப்போவது சென்சார் அல்ல, அதைச் சுற்றியிருக்கும் கப்ளர் என்ற ஒயர் இணைப்பும், ஒயரும், கிரவுன் பெட்டியின் காற்று போய்வரும் ப்ரீதரும், அந்தப் பெட்டிக்குள் ஊற்றும் கிரவுன் ஆயிலும்தான். அவற்றை முறையாகக் கவனித்துக்கொண்டால் சென்சார் தானாகப் போவது அரிது.

ஆக்சிலின் கிரவுன் பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரென்ஷியலின் வேலை, வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட இடம் கொடுப்பது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு வண்டி ஒரு தெரு முனையில் செங்கோணமாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 2.36 மீட்டர் கூடுதலாக உருண்டாக வேண்டும். சேற்றில் இந்த வசதியே வினையாகிவிடுகிறது. பிடிப்பில்லாத சக்கரம் சும்மா சுழல, பிடிப்புள்ள சக்கரம் அசையாமல் நிற்கும். அப்போது இரண்டையும் ஒன்றாகப் பிணைப்பதுதான் டிஃப் லாக். சுவிட்சைப் போட்டதும் ஒரு மின்மோட்டாரோ மின்காந்தமோ காற்றழுத்தமோ உள்ளேயிருக்கும் பல் வளையத்தை நகர்த்துகிறது. வளையம் உண்மையாகவே போய்ப் பூட்டிக்கொண்டதா என்று பார்த்துச் சொல்வது சென்சாரின் வேலை. பூட்டச் சொல்லியிருக்கிறோம், இன்னும் பூட்டவில்லை என்ற நிலையில் பல வண்டிகளில் விளக்கு மினுக்கும். பூட்டிய பிறகு நிலையாக எரியும்.

எல்லா வண்டியிலும் இந்த சென்சார் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மஹிந்திரா தாரின் சில வகைகளில் வரும் ஈட்டன் நிறுவனத்தின் இயந்திரப் பூட்டு, சக்கரங்களின் வேக வேறுபாட்டைக் கண்டு தானாகவே பூட்டிக்கொள்வது; அதற்கு சுவிட்சும் கிடையாது, நிலையைச் சொல்லும் விளக்கும் கிடையாது. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு ஆக்சிலுக்கும் பூட்டு உண்டு, ஓட்டுநரே போட்டுக்கொள்ள வேண்டும். தார் ராக்ஸ் நான்கு சக்கர இழுவை வகையிலும் டொயோட்டா ஹைலக்ஸிலும் பின் ஆக்சிலில் மின்பூட்டு வருகிறது. ஜீப் ராங்லர் ரூபிகானில் இரண்டு ஆக்சிலிலும் மின்பூட்டு. மேலூர்ப் பக்கம் கல் ஏற்றும் டிப்பர் லாரிகள் பலவற்றில் பூட்டு காற்றில் இயங்கினாலும், விளக்கை எரியவைக்கும் சுவிட்சின் தத்துவம் ஒன்றேதான்.

மினுக்கும் விளக்கெல்லாம் பழுதின் அறிகுறி அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல் பல்லோடு நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால் வளையம் உள்ளே போகாது. நடக்கிற வேகத்தில் வண்டியைச் சில அடி முன்னே நகர்த்தி, ஸ்டீயரிங்கை இலேசாக இடமும் வலமும் அசைத்தால் பல் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். விளக்கு அதற்குப் பிறகும் மினுக்கினால்தான் யோசிக்க வேண்டும். மாறாக, நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதித்துச் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது சுவிட்சைப் போடுவது பல்லைத் தின்றுவிடும். அதற்கு எந்த சென்சாரும் பொறுப்பாகாது.

சென்சார் பொய் சொன்னால் என்ன ஆகும்? அது இரண்டு விதமாகப் பொய் சொல்லும். பூட்டாமலே 'பூட்டிவிட்டது' என்று சொன்னால், பூட்டிய நிலையில் ஏபிஎஸ்ஸையும் வண்டியின் நிலைப்புக் கட்டுப்பாட்டையும் குறைத்துவிடும் வகையில் அமைந்த வண்டிகள் அப்படியே செய்யும். கொடைக்கானல் மலைப்பாதையில் பனிமூட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கையில் அந்தத் துணை இல்லாமல் போவது சிறிய விஷயமல்ல. பூட்டிய பிறகும் 'பூட்டவில்லை' என்று சொல்வது அதைவிட மோசம் என்பது என் கருத்து. ஓட்டுநர் சேற்றைத் தாண்டி, பூட்டு விட்டுவிட்டதாக நம்பித் தார்ச்சாலையில் ஏறிவிடுவார். முன்பு சொன்ன 2.36 மீட்டருக்கு அங்கே போக்கிடம் கிடையாது. டயர் கீறிக்கொண்டு இழுபடும், ஸ்டீயரிங் திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும், கடைசியில் ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும்.

இனி அந்தப் பேரையூர் வண்டிக்கு வருவோம். சென்சார் கப்ளரைப் பிரித்தபோது இரண்டு பின்களில் ஒன்று பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. அதைத் துடைத்து வண்டியை அனுப்பியிருந்தால் ஒரு மாதம் ஓடியிருக்கும். ஆனால் கப்ளருக்குள் தண்ணீர் மட்டுமல்ல, எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது. எண்ணெய் வெளியிலிருந்து வர வழியில்லை, கிரவுன் பெட்டிக்குள்ளிருந்து சென்சாரின் உடல் வழியாகக் கசிந்துதான் வந்திருக்க வேண்டும். ப்ரீதர் ஓஸைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். சேஸிசுக்கு மேல் திறந்து நிற்கவேண்டிய அதன் வாயைக் குளவி மண்ணால் நன்றாகப் பூசி அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தியபோது காய்ந்த மண்ணோடு கூட்டுக்குள் சேர்த்துவைத்த சிலந்திகளும் உதிர்ந்தன. கோடை முழுவதும் கண்மாய் வண்டல் அடித்த பிறகு, ஆவணி, புரட்டாசியில் வண்டி வேப்பமரத்தடியிலேயே நின்றதாம்.

ப்ரீதர் அடைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பாரம் ஏற்றி ஓடும்போது கிரவுன் பெட்டி கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. உள்ளேயிருக்கும் காற்று விரிந்து வெளியேற வழி தேடுகிறது. ப்ரீதர் திறந்திருந்தால் அது வழியே போய்விடும். அடைத்திருந்தால் ஆக்சில் சீல், பினியன் சீல், சென்சாரின் ஓரிங் ஆகியவற்றில் எது இளகியதோ அதன் வழியாக எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியேறும். அந்தச் சூட்டோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் காற்று சட்டென்று சுருங்கி, அதே ஓட்டைகள் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் இந்த மூச்சு முட்டலைத் தீர்க்காதவரை அடுத்த சென்சாரும் நனையத்தான் செய்யும். அவருடைய கிரவுன் ஆயிலை இறக்கியபோது பால் கூடிப்போன டீயின் நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்ததற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எனவே ப்ரீதர் ஓஸை, டீசல் ஊற்றும் வாயின் உயரத்துக்கோ அதற்கும் மேலோ கொண்டுபோய், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வளைத்துக் கட்டி, நுனியில் நுண்ணிய வலையுள்ள சிறு ஃபில்டரைப் பொருத்தச் சொல்கிறேன். இது சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. தண்ணீரில் இறங்குமுன் வண்டியை நிழலில் நிறுத்தி, பெட்டி சற்று ஆறிய பிறகு இறங்குவது செலவே இல்லாத காரியம். சித்திரை மாதம் வைகையில் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் புது வண்டிகளை ஆற்றுக்குள் விட்டுக் காட்டும் இளைஞர்களிடமும் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் குறைவு.

மண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் ஒரே மாவட்டத்துக்குள் மண் மாறுகிறது. வைகை மணல் உதிர்ந்து விழுந்துவிடும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் அப்படியல்ல. ஈரத்தில் ஊதி, கப்ளரின் ஒவ்வோர் இடுக்கிலும் புகுந்து, காயும்போது சுருங்கிக் கல்லாகி ஒயரைக் கவ்விக்கொள்ளும். ஆக்சில் மேலும் கீழும் அசையும்போது கப்ளரிலிருந்து புறப்படும் முதல் ஓரங்குல ஒயர்தான் அந்த இழுப்பை வாங்குகிறது. மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கும். கரிசலில் ஓடிய வண்டியை அது காயுமுன் கழுவ வேண்டும். அதே சமயம், வாட்டர் சர்வீஸில் லிஃப்டில் ஏற்றி அழுத்தத் தண்ணீரை நேராகக் கப்ளர் மேல் அடிப்பது சேற்றைவிடக் கெடுதல், ஏனெனில் கப்ளரின் ரப்பர் சீல் ஓடைத் தண்ணீருக்குத் தாங்கும், அந்த அழுத்தத்துக்குத் தாங்காது. குழாய்த் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷும் போதும்.

கண்மாய்க் கரையோரம் ஓட்டுபவர்களுக்குச் சீமைக்கருவேலத்தின் வெட்டிய அடிக்கட்டை இன்னொரு எதிரி. டயருக்கு முள் குத்துவதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். தரையிலிருந்து ஒரு முழம் நிற்கும் கட்டை ஆக்சிலின் பின்புறம் தொங்கும் ஒயரைக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு போவதைப் பட்டறையில்தான் பார்க்க முடியும். ஒயரை நெளிவு உறைக்குள் விட்டு, ஆக்சில் குழாயின் மேற்புறமாகக் கொண்டுவந்து, ஆக்சில் முழுதாகக் கீழே இறங்கும்போதும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். எலி கடிப்பதைப் பற்றி எழுதத் தேவையில்லை. வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் அது தெரியும்.

மாற்றும்போது நம் ஆட்களே செய்யும் தவறுகளையும் மறைக்க வேண்டியதில்லை. எண்ணெய் கசியக் கூடாது என்று சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றும் பழக்கம் உண்டு. ஒற்றை ஒயர் உள்ள சுவிட்சுக்குத் தன் உடலே எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. டேப்பைச் சுற்றினால் அந்த எர்த் தடைப்பட்டு, புது சுவிட்சே வேலை செய்யாமல் போகலாம். இன்னொன்று வாஷர். பழைய வாஷரை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டால் பிளஞ்சர் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ பின்தங்கி நின்று, வளையம் நகர்ந்தாலும் அதைத் தொடாது. சில வண்டிகளில் சுவிட்சுக்குப் பின்னால் தனி இரும்புக் குண்டு ஒன்று இருக்கும். கழற்றும்போது அது எண்ணெயோடு வெளியே விழுந்ததைக் கவனிக்காமல் மூடிவிட்டால் பிறகு எதை மாற்றினாலும் விளக்கு எரியாது.

மூன்று ஒயர் உள்ள ஹால் சென்சாராக இருந்தால் சோதனை வேறு. அதற்கு பிளஞ்சர் இல்லை, காந்தப் புலத்தைக் கொண்டு நிலையை அறிகிறது. சாவியைப் போட்டுவிட்டுக் கப்ளரில் அதற்குரிய மின்னழுத்தம், பல வண்டிகளில் 5 வோல்ட், வருகிறதா என்றும், எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்த பிறகே சென்சாரைத் தொட வேண்டும். மீட்டரை வைத்தபடியே ஒயரை அசைத்துப் பார்ப்பது முக்கியம், அறுந்த கம்பி அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். காந்தத் தன்மையுள்ள சென்சாரின் நுனியில் கிரவுன் பினியன் தேய்ந்த இரும்புத்தூள் மீசைபோல ஒட்டிக்கொண்டு தவறான நிலையைக் காட்டுவதும் உண்டு. கிரவுன் ஆயிலைக் காலத்தில் மாற்றுவது பல்லுக்கு மட்டுமல்ல, இதற்கும் சேர்த்துத்தான். எந்த ஆயில் என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டாம், வண்டியின் கையேட்டில் போட்டிருப்பதையே ஊற்றுங்கள்.

நகருக்குள்ளேயே ஓடும் வண்டிகளுக்கு வரும் கேடு வேறு விதம்: வருடக்கணக்கில் பூட்டைப் போடாமலே இருப்பது. வளையமும் பிளஞ்சரும் ஒரே இடத்தில் நின்று இறுகிவிடும். மாதம் ஒரு முறை, காலி மண் தரையில், நேர் கோட்டில், நடை வேகத்தில் பூட்டைப் போட்டு முப்பது மீட்டர் ஓட்டி, விடுவித்து, சிறிது பின்னுக்கு எடுத்து விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். பல வண்டிகள் லோ ரேஞ்சில், அதாவது நான்கு சக்கர இழுவையின் மெதுவான கியர் நிலையில், மட்டுமே பூட்ட அனுமதிக்கும். அதைத் தெரியாமல் "லாக் போச்சு" என்று வந்தவர்களும் இருக்கிறார்கள்.

விளக்கை நம்ப முடியாத நிலையில் உண்மையை அறிய ஒரு வழி உண்டு. சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, இழுவையைப் பின் சக்கரத்துக்கு மட்டும் மாற்றி, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை நீட்ட வேண்டாம். எஞ்சினை அணைத்து, கியரில் விட்டு, பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்கை விடுவித்த பிறகு ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றினால், பூட்டு விட்டிருக்கும் வண்டியில் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். பூட்டியிருந்தால் இரண்டும் அசையாது. பேரையூர்க்காரருக்கு இதைச் செய்து காட்டியபோது, விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த அந்த வண்டியின் சக்கரம் அசையவே இல்லை. "அப்ப இத்தன நாளும் பூட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கா?" என்றார். இருந்திருக்கிறது, சுவிட்சை அணைக்காமல் தார்ச்சாலையில் எத்தனை முறை திரும்பினாரோ, அவருடைய பின் டயர்களின் ஓரங்கள் தேய்ந்து வழுவழுத்துக் கிடந்தன.

கப்ளரைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, களிம்பு தின்ற பின்னை மாற்றி, சீலின் விளிம்பில் சிலிக்கான் கிரீஸ் தடவி, ஆயிலை மாற்றி, ப்ரீதர் ஓஸை உயர்த்திக் கட்டினோம். பொருத்தியது மஞ்சள் பையிலிருந்த பழைய சென்சார்களில் ஒன்றைத்தான்.