பையைக் கொட்டிக் காட்டுங்க

மே மாதத் திங்கட்கிழமைகளில் என் கிளினிக்கில் உட்கார இடம் இருக்காது. திண்டுக்கல்லில் குழந்தைகள் டாக்டராக இருந்தால் அப்படித்தான். இந்தப் பக்கம் கொடைக்கானல், பழனி; அந்தப் பக்கம் மதுரை, அதையும் தாண்டினால் ராமேஸ்வரம். சனி, ஞாயிறு ஊர் சுற்றிவிட்டு வருகிற குடும்பங்களில் பாதி, வீட்டுக்குப் போகும் முன்பே இங்கே வந்து இறங்கிவிடும். மொட்டையடித்த தலையில் பூசிய சந்தனம்கூடக் காய்ந்திருக்காது.

“எப்ப இருந்து காய்ச்சல்?” என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது வேறு ஒன்று. “குழந்தைக்குன்னு ஒரு பை எடுத்துட்டுப் போயிருப்பீங்கல்ல, அதைக் கொட்டிக் காட்டுங்க.”

முதலில் சிரிப்பார்கள். பிறகு மேசைமேல் கொட்டுவார்கள். டயப்பர், பால் புட்டி, ஃபிளாஸ்க், திருநீற்றுப் பொட்டலம், பாதி கடித்த முறுக்கு. அதற்கடியில் மருந்துகள். போன வருடம் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக்கில் மிச்சம், லேபிள் அழிந்துபோன இருமல் சிரப், பக்கத்து வீட்டு அக்கா “இது நல்லா கேக்கும்” என்று கொடுத்தனுப்பிய ஒரு பாட்டில். இருபது வருடமாக இந்தப் பைகளைப் பார்த்து எனக்குத் தோன்றுவது இதுதான்: பயணத்தில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததால் உடம்பு கெட்டுப்போன குழந்தைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. பிரியமாக எடுத்துப்போன ஏதோ ஒன்றால் வந்த வினைதான் அதிகம்.

2023 மே மாதம் ஒரு வயது நான்கு மாதப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ராமேஸ்வரம் போன இரண்டாம் நாளே வயிற்றால் போக ஆரம்பித்திருக்கிறது. பெற்றோர் இரண்டு பேரும் படித்தவர்கள், பதறாமல் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்ச் சரியான பொருளைத்தான் கேட்டிருக்கிறார்கள்: ஓ.ஆர்.எஸ்., வயிற்றுப்போக்கில் இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல். கடைக்காரர் கொடுத்தது ஆப்பிள் வாசனை அடிக்கிற அட்டை டப்பா பானம். பெயரிலேயே அந்த மூன்று எழுத்தும் பெரிதாக இருந்தது. பையனும் ஆசையாகக் குடித்திருக்கிறான். இரண்டு நாளில் ஏழு டப்பா. குடிக்கக் குடிக்கப் போக்கு கூடியதே தவிரக் குறையவில்லை.

என்னிடம் வரும்போது உச்சிக்குழி பள்ளமாக இருந்தது. வாய் திறந்து அழுதான், கண்ணில் தண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்று மெதுவாகத்தான் கீழே போனது. காலையிலிருந்து டயப்பர் நனையவே இல்லை என்றார் அம்மா. நடுவில் யாரோ “சீர் தட்டியிருக்கு” என்று சொல்ல, வழியில் ஓர் ஊரில் இறங்கித் தொக்கம் எடுக்கிற நாட்டு வைத்தியரிடமும் காட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றரை மணி நேரம் போயிருக்கிறது.

பையனுக்கு டிரிப்ஸ் போட்டு அவன் கொஞ்சம் தெளிந்த பிறகு, அந்த அப்பாவும் நானும் டப்பாவின் பின்பக்கத்தைச் சேர்ந்து படித்தோம். 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ்.ஸில் ஒரு லிட்டருக்கே 13.5 கிராம் குளுக்கோஸ்தான், அதாவது 100 மில்லிக்கு 1.35 கிராம். கூடவே 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். குடல், சர்க்கரையையும் உப்பையும் ஜோடியாகத்தான் உள்ளே இழுக்கும். அந்த ஜோடியோடு தண்ணீரும் போகும். சர்க்கரை மட்டும் எட்டு மடங்கு ஏறிவிட்டால் கதை தலைகீழ். உறிஞ்சப்படாத சர்க்கரை குடலில் தங்கி, உடம்பில் இருக்கும் தண்ணீரையும் தன் பக்கம் இழுத்துக் கீழே தள்ளிவிடும்.

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையோர போங்காவ் அகதி முகாமில் காலரா வந்தது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹலனபிஸ் சர்க்கரை, உப்புக் கரைசலை டிரம்மில் கலக்கி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதத்தை நெருங்கிக்கொண்டிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அவருக்குப் பத்ம விபூஷண் 2023-ல் கிடைத்தது, இறந்து சில மாதம் கழித்து. அப்படி வந்த பொருளின் பெயரை ஒரு ஜூஸ் டப்பாவில் அச்சடித்து விற்க நாம் விட்டோம். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடம் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில்தான், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எந்தப் பானமும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவு போட்டது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. “அந்த ஆப்பிள் டப்பா கொடுங்க” என்று கேட்கிறவர்களை இப்போதும் பார்க்கிறேன்.

பொடிப் பாக்கெட் வாங்குங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டு, மிச்சத்தை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது நம் வீடுகளில் சகஜம். அப்படிச் செய்தால் உப்பு எக்கச்சக்கமாக ஏறும். ரத்தத்தில் சோடியம் கூடி வலிப்பு வந்த குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். பயணத்தில் இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் எல்லாப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறதே. புது பாட்டிலைத் திறந்து, முழுப் பாக்கெட்டையும் கொட்டி, குலுக்கினால் முடிந்தது. மூடியில் நேரத்தை எழுதிவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

ஊட்டுவது ஸ்பூனால். ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும், இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு, மறுபடி இன்னும் மெதுவாக. “குடுத்தா வாந்தி எடுக்கிறான், அதான் நிறுத்திட்டோம்” என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வாக்கியம். அவசரமாக டம்ளரில் ஊற்றினால் எடுக்கத்தான் செய்வான். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக (ஜிங்க்) சொட்டு அல்லது மாத்திரை 14 நாள், அது ஊர் திரும்பிய பிறகும் தொடர வேண்டும். நான்காம் நாள் வயிறு சரியானதும் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது காய்ச்சல் மருந்து. கல்யாண மண்டபத்தில் ராத்திரி பதினொரு மணிக்குப் பேரனுக்கு உடம்பு கொதிக்கிறது. மருமகள் மணப்பெண்ணுக்குத் தோழியாக மேடையில். பாட்டி பையைத் துழாவி பாராசிட்டமாலைக் கண்டுபிடித்து, வழக்கமாகக் கொடுக்கும் அளவில் ஒரு மூடி, 5 மில்லி, ஊற்றிக் கொடுத்துவிட்டார். விடிகாலையில் மறுபடி ஒரு மூடி.

“எப்பவும் குடுக்கிறதுதான் டாக்டரம்மா. கலரு கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்.”

வீட்டில் கொடுப்பது 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப். பையில் இருந்தது கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ். அதில் ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சின்னக் குழந்தைக்கு என்பதால் டிராப்ஸ் வீரியம் குறைந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர்: குறைந்த அளவில் ஊட்ட வசதியாக இருக்கட்டும் என்று அடர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். பத்து கிலோ பையனுக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். பாட்டி இரண்டு வேளையில் 1,000 கொடுத்திருந்தார். ரத்தப் பரிசோதனை செய்து, ஒரு நாள் பக்கத்தில் வைத்துப் பார்த்து அனுப்பினோம். கல்லீரல் தப்பித்தது. அதே கணக்கில் இரண்டு நாள் கொடுத்திருந்தால் என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

அந்தப் பாட்டியை நான் திட்டவில்லை. 5 மில்லியில் 250 என்று இன்னொரு சிரப்பும் இருக்கிறது. ஒரே மருந்து, மூன்று வீரியம், ஏறக்குறைய ஒரே மாதிரி படம். ராத்திரி வெளிச்சத்தில் எனக்கே கண்ணாடி வேண்டும். அதனால் இப்போது ஒரு வேலை செய்கிறேன். யார் ஊருக்குப் போனாலும் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, வெள்ளை பிளாஸ்திரி ஒரு துண்டு கிழித்து ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் எழுதுவேன்: பையன் பெயர், எடை, இத்தனை மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் படிக்க வருகிற எழுத்தில். ஒரு வீரியம் மட்டும் பையில் இருக்கட்டும்.

இருமல் சிரப் வேண்டவே வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் விஷ ரசாயனம் கலந்த இருமல் சிரப் குடித்த சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். விஷக் கலப்பு இல்லாத சிரப்பும் நான்கு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை.

மலைப்பாதை வாந்திக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வத்தலக்குண்டு தாண்டி ஏற ஆரம்பித்ததும் கையில் இருக்கும் போனைப் பிடுங்கிவிடுங்கள். கண் அசையாத திரையைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வளைவை உணர்கிறது, இரண்டுக்கும் ஒத்துப்போகாமல்தான் குமட்டுகிறது. ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்க்கட்டும். ஏறும் முன் பூரி, பொங்கல் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி. எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் தூங்கவைக்கும் வாந்தி மருந்து (புரோமெதசின்) இரண்டு வயதுக்குள் கூடவே கூடாது, மூச்சையே அமுக்கிவிடும்.

வேர்க்கடலைக்கு வருகிறேன். இரண்டு வயதுப் பையன், மூன்று வாரமாக இருமல். இரண்டு இடத்தில் காட்டி, நெபுலைசர் வைத்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, எதற்கும் கேட்கவில்லை. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் வலது பக்கம் மூச்சுச் சத்தம் குறைவு. “இந்த இருமல் ஆரம்பிச்ச அன்னைக்கு எங்க இருந்தீங்க?” என்று கேட்டேன். அம்மா யோசித்தார். “பழனியில இருந்து பஸ்ல வந்துட்டிருந்தோம். இவங்கப்பா கடலைப் பொட்டலம் வாங்குனாரு. இவனும் சிரிச்சுக்கிட்டே ரெண்டு வாயில போட்டான். ஒரு தடவ நல்லா புரையேறுச்சு, தலையில தட்டினோம், சரியாப்போச்சு.”

சரியாகப் போகவில்லை. வலது மூச்சுக்குழாய் இடதைவிட அகலம், நேராக இறங்கும். எது உள்ளே போனாலும் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். மதுரைக்கு அனுப்பி, மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு எடுத்தார்கள். ஊறிப்போன அரைக் கடலை. நான்கு வயதாகும் வரை முழுக் கடலை, பொரிகடலை, மாதுளை விதை எதுவும் ஓடுகிற வண்டியில் வேண்டாம். புரையேறிய பிறகு இருமல் நிற்கவில்லை என்றால், அந்தப் புரையேறியதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்துவிடுவோம், அவசரத்தில்.

கடைசியாகப் பையில் இல்லாத ஒன்று: மடி. என் மகளுக்கு ஒரு வயதாக இருந்தபோது மதுரைக்குப் போகும்போதெல்லாம் காரின் முன்சீட்டில் என் மடியில்தான் வருவாள். பெல்ட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்வேன், பாதுகாப்பு என்று நினைத்து. மோதினால் என் எடை முழுவதும் அவள்மேல் விழுந்து நசுக்கும் என்பதும், ஏர்பேக் 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அவள் முகத்தில் வெடிக்கும் என்பதும் படித்த எனக்கே உறைக்கவில்லை. 2019 திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். டூவீலரில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் வாரும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் இது விதி. பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்து கிளினிக்குக்கு வருகிற பிள்ளைகளை எண்ணினால், இந்த விதி இருப்பது என் தெருவுக்கு இன்னும் தெரியாது என்றுதான் தோன்றும்.

போன மாதம் அந்தக் கல்யாண மண்டபத்துப் பாட்டி வந்தார். பேரன் கூட வரவில்லை, சும்மா பையோடு. திருச்செந்தூர் கிளம்புகிறார்களாம். சிரப் பாட்டிலை மேசைமேல் வைத்தார். நான் ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது, ஓரம் அழுக்கேறி, எழுத்து பாதி கலைந்து.

“இப்ப பதிமூணு கிலோ ஆயிட்டான். அதை அழிச்சிட்டு வேற எழுதிக் குடுங்க.”

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், காலாவதி ஆகியிருந்தது. குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, எதிர்க் கடையில் புதிதாக வாங்கிவரச் சொல்லிவிட்டு, பிளாஸ்திரியைக் கிழித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.