எம்.டி., எம்.எஸ். கடைசி வருடம்: தீசிஸ் உள்ளே போனால்தான் ஹால் டிக்கெட்

எம்.டி., எம்.எஸ். கடைசி வருடம் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: "பரீட்சை பக்கத்துல வருது, புத்தகத்த விட்டுட்டு ஏன் லேப்டாப்ல தட்டிக்கிட்டே இருக்கே?" தட்டிக்கொண்டிருப்பது தீசிஸ், அதாவது நோயாளிகளை வைத்துத் தானே செய்த ஆய்வைப் பற்றிய ஆய்வேடு. அது போய்ச் சேர்ந்து, ஏற்கப்படாவிட்டால் பரீட்சை ஹாலுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

இப்போது நடப்பில் இருப்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள், 2023. அதற்கு முன்பு 2000-ஆம் வருட விதிமுறைகள் இருந்தன. தீசிஸ் பற்றிய அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான். எழுத்துத் தேர்வுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் குறைந்தது ஆறு மாதம் முன்பே தீசிஸைச் சமர்ப்பித்துவிட வேண்டும். குறைந்தது மூன்று பேர் அதைத் திருத்துவார்கள்; ஒருவர் உள் தேர்வாளர், இருவர் வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள். அந்த வெளியாட்கள் உங்கள் இறுதித் தேர்வுக்குத் தேர்வாளர்களாக வரக் கூடாது. அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் தேர்வெழுதும் தகுதி வரும். ஆறு மாத இடைவெளி எதற்கு என்றால் இதற்குத்தான்: பிரதி மூன்று இடத்துக்குப் போக வேண்டும், படிக்கப்பட வேண்டும், குறை சொன்னால் திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும்.

இந்த ஆறு மாதத்தை முதல் வருடத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்பவர்கள் குறைவு. படிப்பு மொத்தம் 36 மாதம். கடைசி ஆறு போனால் 30. தலைப்பு முடிவாகி, புரோட்டோகால் என்ற ஆய்வுத் திட்டத்தை எழுதி, ஆய்வு அறநெறிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வர ஆறு மாதம் என்று வையுங்கள், 24. கட்டாயமாகப் போக வேண்டிய மாவட்ட மருத்துவமனைப் பணி மூன்று மாதம், 21. புள்ளிவிவர அலசல், எழுத்து, கைடு போடும் சிவப்பு மை, பைண்டிங் எல்லாம் சேர்த்து நாலு மாதம். மிஞ்சுவது 17 மாதம்தான். உங்கள் ஆய்வுக்கு 100 நோயாளிகள் வேண்டும், உங்கள் வார்டுக்கு அந்த நோயோடு மாதம் நாலு பேர்தான் வருகிறார்கள் என்றால், 68-இல் நின்றுவிடுவீர்கள். வருகிற எல்லோரும் சம்மதிக்கப்போவதும் இல்லை. தலைப்பு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், போன வருட வார்டு ரெஜிஸ்டரைப் புரட்டி எத்தனை கேஸ் வந்தது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. அரைநாள் வேலைதான்.

எத்தனை பேர் வேண்டும் என்பதும் யாரோ வாயில் வந்ததைச் சொல்லும் எண் கிடையாது. ஒரு நோய் எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஆய்வில், அந்தச் சதவீதம் 50 என்று எடுத்துக்கொண்டு, கிடைக்கும் விடை பத்து சதவீதப் புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம் என்றால் 96 பேர் போதும். அதே பிழையை ஐந்து புள்ளியாகக் குறைத்தால் 384 பேர் வேண்டும். துல்லியத்தை இரட்டிப்பாக்கினால் ஆள் எண்ணிக்கை நாலு மடங்காகும். பழைய தீசிஸ்களில் 96-உம் 100-உம் 384-உம் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வென்றால் கணக்கு வேறு. அதற்குச் சமூக மருத்துவத் துறையிலோ புள்ளியியலாளரிடமோ புரோட்டோகால் கட்டத்திலேயே போய் உட்காருங்கள். டேட்டா எல்லாம் சேர்ந்தபின் எக்செல் ஷீட்டோடு போனால், அவர்களால் அனுதாபம் மட்டுமே தர முடியும்.

அடுத்தது எத்திக்ஸ் கமிட்டி. அதன் எழுத்துப்பூர்வ அனுமதி வருவதற்கு முன்னால் ஒரு நோயாளியைக்கூட ஆய்வில் சேர்க்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வருபவர். சட்டம் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவரும் இருப்பார். புது மருந்து, புது முறை என்று சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வாக இருந்தால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் ஏற்பார்கள். "அப்புறம் பதிஞ்சுக்கலாம்" என்று விட்டுவைத்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

கமிட்டி கேட்கும் காகிதங்களில் பலரும் அலட்சியமாக விடுவது ஒன்று உண்டு: தமிழ் ஒப்புதல் படிவம். தமிழ்நாட்டுத் தீசிஸ்களின் கடைசிப் பக்கங்களில் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழில் இருக்கும். பாதிக்கு மேல் படித்தால் தலை சுற்றும். "சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்று ஒரு வரி. ரேஷன் கடையில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு அது என்ன புரியும்? "சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல, இரண்டில் எந்த சிகிச்சை உங்களுக்கு என்பது முடிவாகும், டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார்" என்று எழுதினால் புரியும். இன்னொன்று, மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் பிளாசிபோவை "போலி மருந்து" என்று போட்டுவிடுவது. தமிழில் போலி மருந்து என்றால் போலீஸ் பிடிக்கிற சமாச்சாரம்! "மருந்துச் சத்து இல்லாத மாத்திரை" என்று எழுதினால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

படிவத்தில் இரண்டு விஷயம் கண்டிப்பாக இருக்க வேண்டும். சேர விருப்பமில்லை என்று சொல்லலாம், சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். எப்படியானாலும் கிடைக்கும் சிகிச்சை குறையாது. இது நோயாளியின் உரிமை. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். கூடவே டியூட்டி பார்க்கும் இன்னொரு முதுநிலை மாணவரை அவசரத்துக்குச் சாட்சியாகப் பிடித்துப் போடுவது கணக்கில் சேராது. நீங்கள் நோயாளியாகவோ அவருடைய உறவினராகவோ இதைப் படிக்கிறீர்கள் என்றாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் கையெழுத்துக் கேட்டால் எல்லாமே சிகிச்சைக்கான கையெழுத்து என்றில்லை. இது எதற்கு என்று கேட்கலாம்.

தீசிஸ் தவிர வேறு சில வாசல்களும் உண்டு. ஆராய்ச்சி முறை பற்றிய ஆன்லைன் பாடத்தை முடித்திருக்க வேண்டும். அதை நடத்துவது நம் சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். அறநெறிப் பாடம், இதய உயிர்காப்புப் பயிற்சி இரண்டுக்கும் சான்றிதழ் வேண்டும். மாநாட்டில் ஒரு போஸ்டர், அல்லது மேடையில் ஒரு உரை, அல்லது முதல் ஆசிரியராக ஒரு ஆய்வுக் கட்டுரை, இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். பழைய விதியில் மூன்றையும் கேட்டார்கள், அதனாலேயே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் பத்திரிகைகள் கொழுத்தன. ஒன்று போதும் என்றானது எனக்குச் சரியான முடிவாகவே படுகிறது. மாவட்ட மருத்துவமனைப் பணி மூன்று மாதம், மூன்றாவது முதல் ஐந்தாவது செமஸ்டருக்குள் எப்போதாவது வரும். டேட்டா சேர்க்கும் நட்டநடு நேரம் அது. நீங்கள் இல்லாத மூன்று மாதம் உங்கள் கேஸ்களை யார் பார்ப்பார்கள் என்று கைடிடம் முன்பே பேசி, எத்திக்ஸ் கமிட்டிக்கும் தெரிவித்துவிடுங்கள்.

வருகைப் பதிவு ஒவ்வொரு வருடமும் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விடுப்பே கிடையாது என்று சீனியர்கள் பயமுறுத்துவார்கள், நம்ப வேண்டாம். வருடத்துக்குச் சம்பளத்தோடு 20 நாள் தற்செயல் விடுப்பு, கல்விக்காக 5 நாள், வேலை நெருக்கடியைப் பொறுத்து வாரம் ஒரு நாள் ஓய்வு என்று விதியிலேயே இருக்கிறது. மகப்பேறு விடுப்பும் உண்டு. அனுமதித்த நாட்களுக்கு மேல் போனால் படிப்புக் காலம் அந்த அளவுக்கு நீளும்.

எழுதும்போது காப்பியடிப்பு சோதனையை மறக்காதீர்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் களஞ்சியத்தில் பழைய தீசிஸ்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் அதே இடங்களைத்தான் தேடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி, ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை என்கிறது. 40-ஐத் தாண்டினால் ஒரு வருடம் சமர்ப்பிக்கவே முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வழக்கமாக மாட்டிக்கொள்வது முன்னாய்வுகளைத் தொகுக்கும் அத்தியாயத்தில். உங்கள் டேட்டா உங்களுடையது, அதில் யாரும் மாட்டுவதில்லை.

சரி, தீசிஸ் உள்ளே போய்விட்டது. பரீட்சைக்கு வருவோம். எழுத்துத் தேர்வு நாலு தாள், ஒவ்வொன்றும் 100 மார்க், மூன்று மணி நேரம். ஒரு தாள் அடிப்படை மருத்துவ அறிவியல், ஒரு தாள் துறையின் சமீபத்திய முன்னேற்றங்கள். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 சதவீதம், நாலும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். செய்முறையில் தனியாக 50 சதவீதம். எழுத்தில் 70 எடுத்து அதைச் செய்முறைக்கு ஈடுகட்ட முடியாது. செய்முறைக்குக் குறைந்தது நாலு தேர்வாளர்கள், அதில் பாதிப் பேராவது வெளியாட்கள். நோயாளியை வைத்துச் சிகிச்சை பார்க்கும் துறைகளில் ஒரு நோயாளியை விரிவாகப் பரிசோதித்துச் சொல்லும் லாங் கேஸ், சுருக்கமாகப் பார்த்துச் சொல்லும் ஷார்ட் கேஸ், அப்புறம் எக்ஸ்ரே, கருவி என்று மேசை மேசையாக வைவா என்ற வாய்மொழித் தேர்வு போகும்.

தீசிஸ் ஏற்கப்படாமல் திரும்பி வந்தால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், அதுவரை தேர்வு இல்லை. ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால் கதை வேறு. எழுத்திலோ செய்முறையிலோ ஃபெயில் ஆனாலும் அதே துறையில் அடுத்த தடவை எழுத, புதிதாகத் தீசிஸ் எழுதச் சொல்ல மாட்டார்கள். அதனால் ஏற்பு வந்த கடிதத்தையும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக் கடிதத்தையும் ஸ்கேன் செய்து மெயிலில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.