அழற்சி: ஒட்டுவாரொட்டி அல்ல

காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் என் சித்தி மகனுக்கு வயது 28. விடியற்காலையில் முதுகு பலகைபோல் விறைத்துக்கொள்ளும். எழுந்து நடமாடினால் மெல்ல இளகும். எலும்பு டாக்டர், "இடுப்பும் முதுகெலும்பும் சேர்ற மூட்டுல இன்ஃப்ளமேஷன்" என்றார். சித்தி காதில் அது இன்ஃபெக்ஷனாக விழுந்தது. அன்றிரவே அவன் தட்டும் டம்ளரும் தனியாகப் போயின. "ஒட்டுவாரொட்டின்னா வூட்ல கொயந்தைங்க இருக்குதேப்பா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

இன்ஃபெக்ஷன் என்பது தொற்று. கிருமி உள்ளே புகுவது. இன்ஃப்ளமேஷன் என்பது அழற்சி. உடம்பின் காவல் படையே கொதித்தெழுவது. தொற்றினால் அழற்சி வரலாம், தொற்றே இல்லாமலும் வரலாம்.

லத்தீனில் 'ஃப்ளம்மா' என்றால் சுடர். அதிலிருந்து வந்தது இன்ஃப்ளமேஷன். ரோமானியரான செல்சஸ் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று நான்கு குறிகளை எழுதிவைத்தார். தமிழிலும் நெருப்புதான். சுழல் சுழற்சி ஆவதுபோல அழல் அழற்சி ஆகிறது. அழல் என்றால் தீ. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்ற மூன்றில் அழல்தான் பித்தம். சிலர் 'வீக்கம்' என்றே எழுதிவிடுகிறார்கள். அது போதாது, வீக்கம் நான்கில் ஒன்றுதான்.

இந்தத் தணல் எங்கே கனியும் என்பதில் மரபணுவுக்கும் பங்குண்டு. எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகைக்கும் முதுகெலும்பை இறுக்கும் அழற்சிக்கும் உள்ள உறவு 1973-இல் தெரியவந்தது. 1932-இல் விவரிக்கப்பட்ட க்ரோன் என்ற குடல் அழற்சி நோய்க்கு, 16ஆம் குரோமோசோமில் உள்ள என்ஓடி2 மரபணுவின் மாற்றங்கள் ஒரு காரணம் என்று 2001-இல் கண்டார்கள். பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கை மோப்பம் பிடிப்பது அந்த மரபணு தரும் புரதத்தின் வேலை. இந்த மாற்றங்கள் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஆனால் முதுகில் அழற்சி உள்ள சிலருக்குக் குடலிலும் அது இருக்கும்.

நம் பையன் ஆறு மாதமாக வயிற்றுப்போக்கோடு இருந்தவன். எலும்பு டாக்டரிடம் போய் வயிற்றை எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டான். அடுத்த முறை அவரே கேட்டார். குடலில் கேமரா விட்டுப் பார்த்ததும் அது க்ரோன் என்று தெரிந்தது. முதுகுவலியோடு வயிறும் கெட்டிருந்தால் தயவுசெய்து இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

சித்தியிடம், "உள்ளயே கனியிற தணலு சித்தி, பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தாவாது" என்றேன். தட்டு பழைய அடுக்குக்கே திரும்பியது.

ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கம் ழகரம் யகரமாக நழுவும். அழற்சி 'அயற்சி' ஆகி, களைப்பு என்று பொருள்பட்டுவிடும். இன்னும் சிலர் அதை அலர்ஜி என்றே நினைக்கிறார்கள். அலர்ஜிக்குத் தமிழ் ஒவ்வாமை. மூட்டில் வந்தால் மூட்டழற்சி, குடலில் வந்தால் குடல் அழற்சி. குடல்வால் அழற்சி என்பது அப்பெண்டிசைட்டிஸ், அது வேறு.