‘இம்பீச்மென்ட்’: குற்றச்சாட்டா, பதவிநீக்கமா?

ஆங்கிலச் செய்திகளில் வரும் ‘இம்பீச்மென்ட்’ என்ற சொல்லைத் தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் ‘பதவி நீக்கம்’ என்றே பெயர்த்துவிடுகின்றன. 2019 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை டொனால்ட் டிரம்ப்பை ‘இம்பீச்’ செய்தது. அவரோ தம் பதவிக்காலம் முடியும்வரை வெள்ளை மாளிகையில்தான் இருந்தார். 2021 ஜனவரியில் அச்சபை இரண்டாம் முறையும் அவ்வாறே செய்தது. குற்றச்சாட்டை விசாரிக்கும் மேலவையான செனட்டில் விசாரணை தொடங்கியபோது அவர் பதவியிலேயே இல்லை. பதவியில் இல்லாதவரை எப்படி நீக்குவது?

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘பெஸ்’ என்றால் பாதம். அதிலிருந்து பிறந்த ‘பெடிகா’ என்பது காலில் பூட்டும் தளை. தளையிடுவதைக் குறித்த ‘இம்பெடிகாரே’ என்னும் வினை பிரெஞ்சுக்குப் போய்த் ‘தடுத்தல்’ என்ற பொருளைப் பெற்றது. இன்றைய பிரெஞ்சிலும் ‘அம்பெஷே’ என்றால் தடுப்பதுதான். ஆங்கிலத்துக்கு வந்த பின்னர், தாக்குதலையும் குற்றஞ்சாட்டுதலையும் குறித்த ‘இம்பெடெரே’ என்ற வேறொரு லத்தீன் சொல்லின் சாயலும் இதில் கலந்ததால், ‘பொறுப்பில் உள்ளவர் மீது முறைப்படி குற்றஞ்சாட்டுதல்’ என்ற பொருள் நிலைத்தது.

1376இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் லாட்டிமர் பிரபு மீது தொடுத்த வழக்கை இந்நடைமுறையின் தொடக்கமாகக் கொள்வர். மக்களவை குற்றஞ்சாட்டும், பிரபுக்கள் அவை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் என்பதே ஏற்பாடு. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு வாரன் ஹேஸ்டிங்ஸ். வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்து 1785இல் நாடு திரும்பிவிட்ட அவர் மீது, நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் முன்நின்று நடத்திய விசாரணை 1788 முதல் 1795 வரை இழுத்துக்கொண்டே போய், கடைசியில் விடுதலையில் முடிந்தது. ஏழாண்டுகள் நடந்தது குற்றச்சாட்டின் மீதான விசாரணையே. பறிப்பதற்குப் பதவி ஏதும் அவரிடம் மிச்சமில்லை.

இந்திய அரசமைப்புச் சட்டத்தில் பொருள் சற்று விரிகிறது. 61ஆம் உறுப்பின்படி, அரசமைப்பை மீறியதாகக் குடியரசுத் தலைவர் மீது ஓர் அவை குற்றஞ்சாட்ட, மற்றோர் அவை புலனாய்வு செய்து, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குறையாத ஆதரவோடு தீர்மானம் நிறைவேற்றினால் அவர் பதவி இழப்பார். ஆகவே, இங்கே அச்சொல் குற்றச்சாட்டு முதல் நீக்கம் வரையிலான முழு நடவடிக்கையையும் தழுவுகிறது. இதுவரை எந்தக் குடியரசுத் தலைவரும் இதற்கு உள்ளானதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாம் இச்சொல்லை அதிகம் கேட்பது நீதிபதிகளைப் பற்றிய செய்திகளில். அவர்களைப் பற்றிய 124ஆம் உறுப்போ ‘நீக்கம்’ என்ற பொருள்தரும் சொல்லையே ஆள்கிறது. 1993 மே மாதத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியை நீக்கக் கோரும் தீர்மானம் மக்களவைக்கு வந்தது. ஆதரவாக 196 பேர் வாக்களித்தனர்; எதிர்த்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை; ஆளுங்கட்சியினர் வாக்களிக்காமல் ஒதுங்கியதால், தேவையான பெரும்பான்மை கிட்டாமல் தீர்மானம் தோற்றது. இதைப் ‘பதவிநீக்கத் தீர்மானம்’ என்று எழுதுவது முற்றிலும் சரியே.

தமிழில் இதற்குப் ‘பழிசாட்டுதல்’, ‘பெருங்குற்றச்சாட்டு’, ‘கண்டனத் தீர்மானம்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். ‘பழி’ என்றதும் ‘வீண்பழி’தான் நினைவுக்கு வருகிறது, சாட்டுபவரின் நேர்மையையே ஐயுறவைக்கும் சொல் சட்டத்துக்குப் பொருந்தாது. ‘கண்டனம்’ மிகவும் மென்மையானது. கண்டிக்கப்பட்டவர் பதவியில் தொடரலாம். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘குற்றப் பிரேரணை’ அழகானது. 2013இல் தலைமை நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க நீக்கப்பட்டபோது அங்குள்ள தமிழ்ச் செய்திகளில் இச்சொல் தொடர்ந்து அடிபட்டது. ஆனால் பிரேரணை என்பது தீர்மான முன்மொழிவை மட்டும் சுட்டுவதால், அதன்பின் வரும் விசாரணை அதற்குள் அடங்குவதில்லை. எனவே, ‘பெருங்குற்றச்சாட்டு’ என்பதையே நான் தேர்வேன். வினையாக்கினாலும் ‘அதிபர் மீது பெருங்குற்றம் சாட்டப்பட்டது’ என்று இயல்பாக அமைகிறது. நீக்கம் நிகழ்ந்தால் அதைத் தனியே சொல்லிக்கொள்ளலாம்.

நீதிமன்றத்தில் ஒரு சாட்சியை ‘இம்பீச்’ செய்வது வேறு. அவருடைய சொல் நம்பத்தக்கதல்ல என்று காட்டுவதே அங்கு நோக்கம் என்பதால், ‘சாட்சியின் நம்பகத்தன்மையைத் தகர்த்தல்’ என்று விரித்தெழுதுவதுதான் தெளிவு.